அடுப்புக்கு இவ்வளவு என்று வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர்

கியோட்டோ நகரத்தைச் சுற்றிப் பார்ப்போம், கூடிச் செய்த வேலையைத் தெரிந்துகொள்வோம்



ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூலித்தாயிற்று. கடன் தவணையை வரவு வைத்தாயிற்று. பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்தும் போட்டாயிற்று. எழுந்திருக்கப் போகும் நேரத்தில் ஒரு உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்.

"ஏன்க்கா, மாசாமாசம் பணம் போடுறோம். ஒருத்தி எடுத்து ஆடு வாங்குறா, இன்னொருத்தி பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுறா. அதெல்லாம் சரிதான். ஆனா இந்தச் சின்னப் பணத்தை வச்சு ஊருக்குன்னு ஒரு பெரிய காரியம் செய்ய முடியுமா? எந்த ஊர்லயாவது செஞ்சிருக்காங்களா?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. நல்ல கேள்வி என்று மட்டும் எல்லோருக்கும் தோன்றியது.

செய்திருக்கிறார்கள். அந்த ஊரைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். ஜப்பான் நாட்டில் இருக்கும் கியோட்டோ. பஸ் சார்ஜ் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டு வருவோம், வாங்க.

கியோட்டோ எப்படிப்பட்ட ஊர்?

ஜப்பானின் இன்றைய தலைநகரம் டோக்கியோ. அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டே கால் மணி நேரத்தில் கியோட்டோ வந்துவிடும். மூன்று பக்கம் மலை, நடுவில் கமோ என்ற ஆறு. கி.பி. 794ல் இதைத் தலைநகரமாக அமைத்தார்கள். அதிலிருந்து ஆயிரம் வருடத்துக்கும் மேல் ஜப்பான் சக்கரவர்த்தி குடியிருந்த ஊர் இது.

அதனால் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. தங்கத் தகடு போர்த்திய கின்காகுஜி என்ற கோயில் குளத்து ஓரத்தில் பளபளவென்று நிற்கும். அது பழைய கட்டிடம் இல்லை. 1950ல் தீயில் எரிந்து போனது, 1955ல் மறுபடி கட்டினார்கள். கியோமிசு என்ற கோயிலில் மலைச்சரிவை ஒட்டி 13 மீட்டர் உயரத்துக்கு மரத்தாலேயே ஒரு பெரிய மேடை உண்டு. ஆணி அடிக்காமல், மரத்தை மரத்தோடு கோர்த்துக் கட்டியது. 1633ல் கட்டிய மேடை இன்றும் ஆளைத் தாங்குகிறது. கியோட்டோ பகுதியின் 17 பழமையான இடங்களை 1994ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அறிவித்தது.

வெளியூர்க்காரர்கள் இதையெல்லாம் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாம் கோயிலை விட்டு இறங்கி, தெருவுக்குள் போவோம். நம் கேள்விக்குப் பதில் தெருவில்தான் இருக்கிறது.

விடியற்காலை வாசல்

விடிந்ததும் கியோட்டோவின் பழைய தெருக்களில் வீட்டுக்காரர்கள் துடைப்பத்தோடு வெளியே வருவார்கள். வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளிப்பார்கள். இதில் நமக்கு அதிசயம் ஒன்றும் இல்லை, நாமும் தினம் செய்கிற வேலைதான்.

ஆனால் அதில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். தன் வாசலோடு நிறுத்துவது இல்லை. பக்கத்து வீட்டு எல்லைக்குள் ஒரு அடி தூரம் சேர்த்துக் கூட்டுவார்கள். அதற்கு மேலேயும் போக மாட்டார்கள். ஏன் தெரியுமா? முழுக்கக் கூட்டிவிட்டால், "நான் செய்யலைன்னு சொல்லிக் காட்டுறாளோ" என்று பக்கத்து வீட்டுக்காரி சங்கடப்படுவாள். தன் எல்லையோடு நிறுத்திக்கொண்டால், "இவ நமக்கென்னன்னு இருக்கா" என்று ஆகிவிடும். அதனால் ஒரு அடி. உறவும் கெடாது, தெருவும் சுத்தமாகும்.

வீட்டு வாசலில் சிவப்பு வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பதையும் பார்க்கலாம். எல்லாம் மர வீடுகள். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசையாக எல்லாம் போய்விடும். அதனால் என் வாசல் வாளி என் வீட்டுக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே.

அந்தப் பழைய வீடுகளுக்கு மச்சியா என்று பெயர். முன்பக்கம் குறுகலாக இருக்கும், உள்ளே நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். "விலாங்கு மீன் படுக்கை" என்று கேலியாகச் சொல்வார்கள். முன்னால் கடை அல்லது பட்டறை, பின்னால் குடித்தனம், நடுவில் காற்றும் வெளிச்சமும் வர ஒரு சின்ன முற்றம்.

ஒரு தெரு, ஒரு குழு

கியோட்டோவில் ஒரு தெருவின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இருக்கும் வீடுகள் சேர்ந்து ஒரு குழு. அதற்கு "சோ" என்று பெயர். நூற்றாண்டுக் கணக்கில் வரும் அமைப்பு இது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு சோவும் தனக்கென்று விதிமுறைகளை எழுதி வைத்திருந்தது. வீடு கைமாறினால் என்ன செய்ய வேண்டும், யார் எவ்வளவு கட்ட வேண்டும், இரவுக் காவல் யார் பார்ப்பது என்று எல்லாம் அதில் இருக்கும். நம்ம குழுவின் விதிமுறைகள் மாதிரிதான்.

இந்தத் தெருக்குழுக்களின் பலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஜூலை மாதம் போக வேண்டும். அப்போதுதான் கியோன் திருவிழா. 869ல் கொள்ளை நோய் பரவியபோது, நோய் நீங்க வேண்டும் என்று தொடங்கியது. பிறகு தெருக்காரர்கள் ஆளுக்கொரு தேர் கட்டி இழுக்க ஆரம்பித்தார்கள். பெரிய தேர் 25 மீட்டர் உயரம், 12 டன் எடை வரை இருக்கும். சட்டத்தைக் கயிற்றால் வரிந்து கட்டியே நிறுத்துவார்கள். இன்று மொத்தம் 34 தேர்கள். ஜூலை 17ம் தேதி 23, 24ம் தேதி 11 என்று இரண்டு நாள் ஊர்வலம். தேரைக் காப்பாற்றும் பொறுப்பு அந்தந்தத் தெருவுக்கு. வாசலில் மாட்டும் காப்பு ஒன்றை மூங்கில் இலையில் செய்து விற்பார்கள். அந்தப் பணமும் தேர்ச் செலவுக்கு உதவும்.

இந்தத் திருவிழாவுக்கும் இடைஞ்சல் வராமல் இல்லை. 1467ல் தொடங்கி 1477 வரை நடந்த உள்நாட்டுப் போரில் நகரமே எரிந்தது. திருவிழா 33 வருடம் நின்று போனது. 1500ல் மறுபடி நடத்தினார்கள். 1533ல் கோயில் விழாவை நிறுத்தச் சொல்லி அதிகாரத்தில் இருந்தவர்கள் உத்தரவு போட்டார்கள். தெருக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? கோயில் சடங்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் தேரை நாங்கள் ஓட்டியே தீருவோம் என்றார்கள்.

1864ல் பெரிய தீயில் பல தேர்கள் எரிந்தன. அதில் ஒன்று 150 வருடம் கழித்து 2014ல் திரும்பி வந்தது. இன்னொரு தேர் 1826ல் மழையில் பழுதானதோடு ஊர்வலத்தை விட்டு நின்றது. அது 196 வருடம் கழித்து 2022ல் ஊர்வலத்தில் சேர்ந்தது. தொடங்கி வைத்தவர்களின் கொள்ளுப் பேரன் காலத்துக்கும் பிறகு, அந்தத் தெரு தன் தேரை மறக்கவில்லை!

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நீண்ட காலம் பெண்கள் தேரில் ஏறக்கூடாது என்று வைத்திருந்தார்கள். இப்போது சில தேர்களில் பெண்களும் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிறார்கள். சில தேர்களில் அந்தத் தடை இன்னும் போகவில்லை.

அடுப்புப் பணம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

1869ல் கியோட்டோவுக்குப் பெரிய அடி விழுந்தது. சக்கரவர்த்தி டோக்கியோவுக்குப் போய்விட்டார். அவரோடு பிரபுக்கள் போனார்கள், அதிகாரிகள் போனார்கள், பெரிய வியாபாரிகளும் போனார்கள். பட்டு வாங்க ஆள் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்புதான் தீயில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்திருந்தன. மக்கள் தொகை பெருமளவு குறைந்தது. "இந்த ஊர் இனி அவ்வளவுதான்" என்று பேசினார்கள்.

அந்த வருடத்தில் கியோட்டோ மக்கள் என்ன செய்தார்கள்? அழுதுகொண்டு உட்காரவில்லை. நம் பிள்ளைகள் படித்தால்தான் ஊர் பிழைக்கும் என்று முடிவு செய்தார்கள். தெருக்குழுக்களைச் சேர்த்துப் பகுதி பகுதியாக அமைத்தார்கள். இப்போது நாம் குழுக்களைச் சேர்த்துக் கூட்டமைப்பு ஆக்குகிறோமே, அதே மாதிரி. பகுதிக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, 1869ம் வருடத்துக்குள் 64 தொடக்கப்பள்ளிகளைத் திறந்தார்கள். ஜப்பான் அரசாங்கம் நாடு முழுவதற்கும் பள்ளிக்கூடத் திட்டம் கொண்டுவந்தது 1872ல்தான். இவர்கள் மூன்று வருடம் முந்திக்கொண்டார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? அரசு நிர்வாகமும் ஓரளவு உதவியது. வசதி உள்ளவர்கள் அதிகமாகக் கொடுத்தார்கள். அதோடு, அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீடும் இவ்வளவு கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். அதற்குப் பெயரே "அடுப்புப் பணம்". பிள்ளை இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று பார்க்கவில்லை. அடுப்பு எரிகிறதா, பணம் கட்டு. ஏனென்றால் தெருவில் படிக்கிற பிள்ளை எல்லோருக்கும் பிள்ளை.

சகோதரிகளே, அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். பள்ளிக்கூடம் கட்டுவதற்கு ஒரு தடவை பணம் போதும். நடத்துவதற்கு? வாத்தியார் சம்பளம், கூரை பழுது, புத்தகம் என்று வருடா வருடம் செலவு இருக்கிறதே! அதற்காகப் பள்ளிக்கென்றே ஒரு நிதி அமைப்பை ஏற்படுத்தினார்கள். மக்களிடம் திரட்டிய பணத்தை அதில் போட்டு, தேவைப்பட்டவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். அதில் வந்த வட்டியையும் லாபத்தையும் பள்ளிச் செலவுக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் குறையவில்லை, பள்ளியும் நடந்தது. நம்ம குழுவில் உள்கடன் கொடுத்து வாங்குகிறோமே, அதே கணக்குதான். 150 வருடத்துக்கு முன்பே!

அந்தக் கட்டிடம் பள்ளிக்கூடமாக மட்டும் இருக்கவில்லை. பகுதி மக்கள் கூட்டம் போடும் இடம் அதுதான். தீப்பிடித்தால் பார்த்துச் சொல்லும் கோபுரமும் அங்கேயே. காவல் ஆட்களுக்கும் அங்கே இடம், அம்மை குத்துவதும் அங்கே. ஒரு கட்டிடம், பல காரியம்.

காலம் போகப் போக நகரத்தின் நடுப்பகுதியில் குழந்தைகள் குறைந்து பல பள்ளிகளை மூடினார்கள். ஆனால் கட்டிடங்களை எல்லாம் இடித்துத் தள்ளிவிடவில்லை. ஒன்று 2000த்தில் கலை மையம் ஆனது. இன்னொன்று 2006ல் படக்கதைப் புத்தகங்களுக்கான அருங்காட்சியகம் ஆனது. வேறொன்றில் இந்தப் பள்ளிகளின் வரலாற்றையே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அங்கே பெண்கள் என்ன செய்தார்கள்?

கியோட்டோவுக்கு வடகிழக்கே மலைக்குள் ஓஹாரா என்ற கிராமம். அந்தக் கிராமத்துப் பெண்கள் விறகையும் கரியையும் தலையில் சுமந்து, மலையிறங்கி நடந்து, நகரத்துத் தெருக்களில் கூவி விற்றார்கள். ஷிராகவா பகுதிப் பெண்கள் பூ சுமந்து வந்தார்கள். கட்சுரா ஆற்றுப் பக்கத்துப் பெண்கள் மீன் கொண்டுவந்தார்கள். எல்லாம் தலைச்சுமைதான். நகரத்துக்காரர்கள் சோறு பொங்கியது இவர்கள் கொண்டுவந்த விறகில். இன்று ஓஹாராவில் விழா எடுத்து, அந்தக் கருநீல உடையையும் தலைத்துணியையும் போட்டு அந்தப் பெண்களை நினைவுகூருகிறார்கள். கத்தரிக்காயைச் சிவப்பு நிற இலை ஒன்றோடு சேர்த்துப் போடும் ஊறுகாய்க்கும் அந்த ஊர் பெயர் போனது.

1872ல் பெண்களுக்கென்று ஒரு பள்ளி கியோட்டோவில் வந்தது. எழுத்துப் படிப்போடு தையல், நெசவு போன்ற கைத்தொழிலும் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் யாயே என்ற பெண். 1868ல் தன் சொந்த ஊர்க் கோட்டையை எதிரிகள் முற்றுகை இட்டபோது துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டவர். தோற்றுப்போய், எல்லாம் இழந்து, அண்ணனைத் தேடிக் கியோட்டோ வந்தவர். பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, போரில் காயம் பட்டவர்களுக்கு நர்ஸாகவும் சேவை செய்தார்.

தறி இருக்கும் தெரு

கியோட்டோவின் பட்டு நெசவுக்குப் பெயர் நிஷிஜின். "மேற்குப் பாசறை" என்று அர்த்தம். முன்னே சொன்ன பத்து வருடப் போரில் மேற்குப் படை கூடாரம் போட்ட இடம் அது. போருக்குப் பயந்து ஓடிய நெசவாளர்கள் திரும்பி வந்து அங்கே தறி போட்டார்கள்.

1872ல் மூன்று நெசவாளர்களைக் கப்பல் ஏற்றி பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை பூ வேலைக்குத் தறிக்கு மேலே ஒரு ஆள் உட்கார்ந்து நூலை இழுத்துக் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட அட்டையை வைத்தே அந்த வேலையைச் செய்யும் ஜக்கார்டு தறியை இவர்கள் கற்றுக்கொண்டு வந்தார்கள். மூவரில் ஒருவர் திரும்பும் வழியில் 1874ல் கப்பல் மூழ்கி இறந்து போனார். அந்தத் தொழிலுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இன்னொரு நெசவு முறையில் நெசவாளர் தன் விரல் நகத்தையே ரம்பம் மாதிரி அராவி வைத்துக்கொண்டு, அதால் நூலை ஒதுக்கி ஒதுக்கி நெய்வார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கொஞ்சம்தான் முடியும்.

ஆனால் இன்று நிலைமை சுகமாக இல்லை. கிமோனோ கட்டுகிறவர்கள் குறைந்து போனார்கள். வீட்டிலேயே தறி வைத்து நெய்கிறவர்களில் பலர் வயதானவர்கள். நூலும் டிசைனும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. சந்தை விழுந்தால் முதல் அடி கூலிக்காரருக்குத்தான். வேலையும் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறது. சாயம் ஒரு வீடு, பாவு ஒரு வீடு, அட்டை ஒரு வீடு. அதில் ஒரு வீட்டில் வாரிசு இல்லாமல் நின்றாலும் மற்ற எல்லோருக்கும் கஷ்டம்.

கத்தரிக்காய்க்கு ஒரு முத்திரை

விவசாயத்தில் அவர்கள் செய்தது கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. கியோட்டோவில் பழைய நாட்டுக் காய்கள் உண்டு. உருண்டையான கமோ கத்தரிக்காய், குஜோ வெங்காயத்தாள், பெரிய ஷோகோயின் டர்னிப். கலப்பின விதைகள் வந்ததும் இவை காணாமல் போக இருந்தன. 1989ல் இருந்து இவற்றுக்குக் கியோட்டோ முத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். தரமும் அளவும் சரியாக இருந்தால்தான் முத்திரை. "பழசு" என்று ஒதுக்கிய காய், "கியோட்டோ காய்" என்று நல்ல விலைக்குப் போனது. கமிகமோ பகுதியில் விவசாயக் குடும்பத்துப் பெண்கள் வண்டியில் காயும் ஊறுகாயும் வைத்து, வாடிக்கையாக வாங்கும் வீடுகளுக்கு நேராகப் போய் விற்கும் பழக்கமும் உண்டு. நடுவில் தரகர் இல்லை.

கூட்டம் கூடினால் குறையும் கூடும்

கியோட்டோவின் இன்றைய பெரிய தலைவலி, வருகிற கூட்டம். உள்ளூர்ப் பெரியவர்களுக்கு பஸ்ஸில் இடம் கிடைப்பதில்லை. கியோன் பகுதியில் கலைப் பெண்களை வழிமறித்து போட்டோ எடுக்கிறார்கள் என்று, 2024ல் சில தனியார் சந்துகளுக்குள் வெளியாட்கள் நுழையக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். தங்குகிறவர்களிடம் 2018ல் இருந்து தனி வரி வாங்குகிறார்கள்.

பழைய மர வீடுகளும் குறைகின்றன. 2009 வாக்கில் கணக்கெடுத்தபோது 47,000க்கும் மேல் இருந்தன. 2016ல் சுமார் 40,000. பராமரிக்கச் செலவு அதிகம், வாரிசுகளுக்கு வரிச்சுமை, இடத்துக்கு நல்ல விலை. இடித்துவிடுகிறார்கள். இதைத் தடுக்க 2007ல் நகராட்சி கடுமையான விதி கொண்டுவந்தது. நகர நடுவில் 45 மீட்டர் வரை கட்டலாம் என்று இருந்ததை 31 மீட்டர் ஆக்கினார்கள். மொட்டை மாடி விளம்பரப் பலகையும், மின்னி மின்னி எரியும் விளக்கும் கூடாது. இதனால் வியாபாரம் கெடும் என்று எதிர்த்தவர்களும் உண்டு. இருந்தாலும் விதி வந்தது.

நினைவில் வைத்துக்கொள்ள

• பக்கத்து வாசலில் ஒரு அடி சேர்த்துக் கூட்டுவது. அக்கறையும் வேண்டும், அளவும் வேண்டும்.
• அடுப்புப் பணம். பலன் யாருக்கு என்று பார்க்காமல் எல்லோரும் போட்டது.
• முதலைச் செலவழிக்காமல், கடன் கொடுத்து வந்த வருமானத்தில் பொதுக் காரியம் நடத்தியது.
• நின்று போனதை 33 வருடம் கழித்தும், 196 வருடம் கழித்தும் திரும்பத் தொடங்கியது.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவுக்கு வரும் வட்டி வருமானத்தில் ஒரு சிறு பகுதியைப் பொதுக் காரியத்துக்கு என்று ஒதுக்க முடியுமா? எந்தக் காரியத்துக்கு?
2. எல்லோரும் பணம் போட்டு, சிலருக்கு மட்டும் பலன் கிடைத்தால் அது சரியா? கியோட்டோவில் பிள்ளை இல்லாத வீடும் ஏன் பணம் கட்டியது?
3. நம் ஊரில் "பழசு" என்று கைவிட்ட காய், விதை, கைத்தொழில் எது? யாருக்கு இன்னும் அது தெரியும்?
4. பெண்கள் கூடாது என்று ஒதுக்கி வைத்த பொது வேலை நம் ஊரில் எது?

பேசியதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். முடிவு வராவிட்டாலும் பரவாயில்லை, பேச்சை எழுதுங்கள்.

அந்த உறுப்பினர் கேட்டாரே, எந்த ஊரிலாவது செய்திருக்கிறார்களா என்று. 1869ல், ராஜா விட்டுப்போன ஊரில், அடுப்பு எரிந்த வீடுகள் எல்லாம் சேர்ந்து 64 பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஒவ்வொரு வீடும் கொடுத்தது சின்னப் பணம்தான். யாராவது இனி இந்தக் கேள்வியைக் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "நம்ம ஊர்ல எத்தனை அடுப்பு இருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.